ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சி: சென்னையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க அரசு நிதியோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு உள்ளவர்கள் இந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்டபடியே இருக்கிறார்கள். அங்கே போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்குப் போகிறவர்கள், அங்கே பேராசிரியராக இருந்துகொண்டு இங்குள்ள கல்லூரிகளோடும் உறவு வைத்திருப்பவர்கள், இங்கிருந்தபடியே கூட்டு ஆய்வு செய்பவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். சில நேரம் பெற்றோரும் கேட்கிறார்கள். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். விதிகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் உங்கள் நிதி அமைப்பின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"மேடம், 'ரிசர்ச் செக்யூரிட்டி டிரெய்னிங்' முடிக்கணும்னு மெயில் வந்திருக்கு. லேப் சேஃப்டி மாதிரியா இது?"

இல்லை. ஆசிட், தீ, கண்ணாடி உடைவது இதெல்லாம் லேப் சேஃப்டி. இந்தப் பயிற்சி வேறு. அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வின் தரவும் யோசனையும் உழைப்பும் நிதி கொடுத்தவருக்குத் தெரியாமல் வேறு எங்கும் போய்விடக் கூடாது என்பதற்கானது. யாரிடமிருந்து பணம் வருகிறது, எங்கெல்லாம் பதவி வகிக்கிறீர்கள், யாருடன் சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதை ஒளிவு மறைவில்லாமல் எழுதச் சொல்லிக் கொடுப்பதுதான் இதில் முக்கியப் பகுதி. பயணத்தின்போது மடிக்கணினியைக் காப்பது, சந்தேகமான அழைப்புகளை அடையாளம் காண்பது போன்றவையும் இருக்கும்.

2021 ஜனவரியில் அமெரிக்க அதிபர் அலுவலகம் வெளியிட்ட என்எஸ்பிஎம்-33 என்ற பாதுகாப்புக் குறிப்பாணை இதற்கு அடித்தளம் போட்டது. 2022 ஆகஸ்ட்டில் வந்த சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டத்தின் 10634-ஆம் பிரிவு பயிற்சியைக் கட்டாயம் ஆக்கியது. நடைமுறைக்கு வந்த தேதி ஒவ்வொரு அமைப்புக்கும் வேறுபடும். எரிசக்தித் துறைக்கு 2025 மே 1. தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப்-க்கு 2025-இன் கடைசி மாதங்கள்.

"எத்தனை நாள் உட்காரணும்? காசு கட்டணுமா?"

நாள் கணக்கெல்லாம் இல்லை. என்எஸ்எஃப் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2024 ஜனவரியில் நான்கு இணையவழிப் பாடங்களை வெளியிட்டது. ஆய்வுப் பாதுகாப்பு என்றால் என்ன, எதையெல்லாம் வெளிப்படுத்த வேண்டும், ஆபத்தைக் குறைப்பது எப்படி, பன்னாட்டுக் கூட்டாய்வு என்று நான்கு. பிறகு செக்யூர் சென்டர் என்ற அமைப்பு அவற்றைச் சுருக்கி ஏறக்குறைய ஒரு மணி நேரப் பாடமாக்கியது. இதற்குக் கட்டணம் இல்லை. முடித்ததும் வரும் சான்றிதழை உடனே பிடிஎஃப்-ஆகச் சேமித்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் தங்களுடைய சொந்தத் தளத்தில் முடித்தால்தான் கணக்கில் எடுக்கும். அதனால் எந்த இணைப்பில் முடிக்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நான் வெறும் பிஎச்டி ஸ்டூடன்ட். எனக்கும் இது உண்டா?"

சட்டப்படி பெரும்பாலும் இல்லை. நிதி விண்ணப்பத்தில் மூத்த அல்லது முக்கிய ஆய்வாளர் என்று பெயர் குறிக்கப்படுபவர்களுக்குத்தான் இது கட்டாயம். முதன்மை ஆய்வாளர், துணை முதன்மை ஆய்வாளர், ஆய்வின் போக்கைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பங்களிக்கும் பிற ஆசிரியர்கள் இதில் வருவார்கள். மாணவர்களும் போஸ்ட்டாக்குகளும் பொதுவாக இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அப்படிப் பெயர் சேர்க்கப்பட்டால் அவர்களுக்கும் உண்டு.

ஆனால் பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி எல்லோரையும் செய்யச் சொல்லலாம், சொல்லவும் செய்கிறது. அப்படி மெயில் வந்தால் விவாதம் செய்யாமல் முடித்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. நாளைக்கு நீங்களே விண்ணப்பம் எழுதும்போது கை கொடுக்கும்.

"என் பையன் இங்க கோல்டு மெடலிஸ்ட்டுங்க. அவனை ஏன் சந்தேகப்படுறாங்க? இந்தியன்ங்கிறதாலயா?"

இல்லை அம்மா. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பேராசிரியரும் இதே பயிற்சியை எடுத்து, முடித்ததாக இதே உறுதிமொழியில்தான் கையெழுத்துப் போடுகிறார். இனம், பூர்வீகம், பிறந்த நாடு பார்த்து யாரையும் குறிவைக்கக் கூடாது என்று அதே சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2018-இல் அமெரிக்க நீதித் துறை 'சீன முன்முயற்சி' என்ற பெயரில் தொடங்கிய நடவடிக்கையில் சீன வம்சாவளி ஆய்வாளர்கள் பலர் சிக்கினார்கள். எம்ஐடி பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைதானார். ஒரு வருடம் கழித்து, 2022 ஜனவரியில், அரசே அந்த வழக்கைக் கைவிட்டது. அடுத்த மாதம் அந்தத் திட்டத்தையே முடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு வருடம் அவருக்கு எப்படிப் போயிருக்கும்? அதனால்தான் எதை எழுத வேண்டும், எதை எழுத வேண்டாம் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஆய்வாளருக்கே பாதுகாப்பு என்று நினைக்கிறேன். விதி மங்கலாக இருந்தால் முதலில் அடிபடுவது வெளிநாட்டிலிருந்து போனவர்தான்.

"போன வருஷம் முடிச்சேன். திரும்பவும் செய்யணுமா?"

விண்ணப்பம் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குள் முடித்திருக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 2025 நவம்பர் 3 அன்று பயிற்சி முடித்தீர்கள் என்று வையுங்கள். 2026 அக்டோபர் 28-இல் சமர்ப்பித்தால் செல்லும். கடைசி நாளைத் தள்ளிவைத்துவிட்டார்கள், நிதானமாக நவம்பர் 10-இல் அனுப்பலாம் என்று இருந்தால் செல்லாது. சான்றிதழில் உள்ள தேதியைப் பார்த்து, பதினோராவது மாதத்திலேயே மறுபடி முடித்துவிடுங்கள்.

நீங்கள் தனியாக உறுதி தருவது போக, தன் ஊழியர்கள் முடித்துவிட்டார்கள் என்று உங்கள் நிறுவனமும் உறுதி தர வேண்டும். குழுவில் ஒருவர் தாமதித்தால் மொத்த விண்ணப்பமும் நின்றுவிடும்.

"நான் சென்னையிலேயேதான் இருக்கேன். அமெரிக்கப் பேராசிரியர் என் பேரைத் திட்டத்துல போட்டிருக்கார். எனக்கும் சேர்த்தா?"

எப்படிப் போட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. என்எஸ்எஃப் விண்ணப்பத்தில் உங்களை முக்கிய ஆய்வாளராகக் குறிப்பிட்டிருந்தால், நீங்கள் தரமணியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, பயிற்சியும் உறுதிமொழியும் உண்டு. ஒத்துழைப்பாளர் என்று கடிதம் மட்டும் கொடுத்திருந்தால் பொதுவாக இல்லை. அவருக்கு ஒரு மெயில் போட்டு, எந்தத் தலைப்பின்கீழ் உங்கள் பெயர் வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்திய அரசும் அமெரிக்க அமைப்பும் சேர்ந்து அழைக்கும் திட்டங்களில் பெரும்பாலும் அவரவர் நாட்டு அமைப்பிடம் அவரவர் விண்ணப்பிப்பார்கள். அங்கே அழைப்பு ஆவணம் சொல்வதே முடிவு.

மருத்துவ ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச், தன் நிதியிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை நிதி போகும் பழைய முறையை மாற்றப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தது. பழைய திட்டத்தின் நகலை வைத்துப் புதிய பட்ஜெட் போடாதீர்கள்.

"இங்க ஒரு காலேஜ்ல என்னை கௌரவப் பேராசிரியர்னு போட்டிருக்காங்க. ஒரு பைசா சம்பளம் கிடையாது. அதையும் எழுதணுமா?"

எழுத வேண்டும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வேறு எதையும்விட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். நிதி விண்ணப்பத்தோடு தரும் ஆய்வாளரின் தன்விவரப் படிவமான பயோஸ்கெட்ச் கேட்பது பதவியை. சம்பளம் உண்டா இல்லையா, முழுநேரமா பகுதிநேரமா, தன்னார்வமா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. கௌரவப் பதவி, வருகைதரு பேராசிரியர், அட்ஜங்க்ட் எல்லாமே அதில் அடங்கும். உள்நாடு, வெளிநாடு என்ற வேறுபாடும் கிடையாது.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்ததுதான். பழைய கல்லூரி, பழைய ஆசிரியர், 'நாக் குழு வருதுப்பா, உன் பேரைப் போட்டுக்கறேன்' என்பார். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் குழு அது. மறுக்க மனம் வராது. நியமனக் கடிதம்கூட வராது, ஆனால் துறையின் வலைப்பக்கத்தில் படத்தோடு பெயர் ஏறிவிடும். பிறகு அங்குள்ள மாணவரோடு ஒரு கட்டுரை வெளிவரும். ஆசிரியர் பெயருக்குக் கீழே இரண்டாவது முகவரியாக அந்தக் கல்லூரி அச்சாகும். உங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்கப் பிரிவு, படிவத்தையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில், 'சும்மா பேருக்குத்தான்' என்பதை ஆங்கிலத்தில் விளக்குவது ரொம்பக் கஷ்டம்.

ஆகவே தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்ட நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பயோஸ்கெட்சில் ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கல்லூரி உங்கள் ஆய்வுக்கு மாணவரையோ கருவியையோ இடத்தையோ தருகிறது, நீங்களும் அங்கே நேரம் செலவிடுகிறீர்கள் என்றால், 'தற்போதைய, நிலுவையிலுள்ள, பிற ஆதரவு' படிவத்திலும் அது வர வேண்டும். உங்களைக் கேட்காமலே பெயரைப் போட்டிருந்தால், எடுத்துவிடும்படி மரியாதையாக ஒரு மெயில் எழுதி அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வருத்தப்படுவார். எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்.

"வஜ்ரா, வைபவ் மாதிரி இந்திய அரசுத் திட்டத்துல சேர்ந்தா என் கிராண்ட் போயிடுமா?"

போகாது. வெளிநாட்டில் இருக்கும் விஞ்ஞானிகளைக் குறுகிய காலத்துக்கு இங்கே அழைத்துவர 2017-இல் வஜ்ராவும் 2023-இல் வைபவும் தொடங்கப்பட்டன. அமெரிக்கச் சட்டம் தடை செய்வது 'தீங்கான வெளிநாட்டுத் திறமை ஈர்ப்புத் திட்டம்' என்று அது வரையறுப்பவற்றைத்தான். அந்த வரையறைக்குள் வர இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, திட்டத்தின் நிபந்தனை மோசமானதாக இருக்க வேண்டும்: ஆய்வை ரகசியமாகக் கொண்டுவா, உறவை வெளியே சொல்லாதே, விலக வழியில்லை என்பது போல. மற்றொன்று, அதன் பின்னணியில் கவலைக்குரிய நாடோ அங்குள்ள பட்டியலிட்ட அமைப்போ இருக்க வேண்டும். சட்டம் பெயர் சொல்லும் நாடுகள் சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா. இந்தியா அதில் இல்லை.

தடை இல்லை என்பதற்காக எழுதாமல் விடக் கூடாது. வெளிநாட்டு அரசு பணமும் பதவியும் தருகிறது, ஆகவே மேலே கௌரவப் பதவிக்குச் சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும். ஒப்புக்கொள்ளும் முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தின் அனுமதியை வாங்குங்கள். எந்த மாதங்களில் இங்கே இருப்பீர்கள், அந்த மாதங்களில் அமெரிக்க நிதியிலிருந்து எவ்வளவு சம்பளம் எடுப்பீர்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரே மாத உழைப்பை இரண்டு அரசுகளுக்கும் முழுமையாகக் கணக்குக் காட்டினால் திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிக்கல்தான்.

"இந்திய அரசு ஃபெலோஷிப்ல ஒரு வருஷம் அங்க லேபுக்குப் போறேன். அந்தப் பேராசிரியர் என் அவார்டு லெட்டரைக் கேக்கறார். எதுக்கு?"

வேறொருவர் பணத்தில் வந்து அவருடைய ஆய்வில் வேலை செய்யப்போகிறீர்கள். அது அவருக்குக் கிடைக்கும் ஆதரவு, பொருளாகக் கிடைக்கும் உதவி என்ற கணக்கில் அவர் தன் படிவத்தில் காட்ட வேண்டும். கடிதத்தைத் தாராளமாகக் கொடுங்கள். தமிழிலோ இந்தியிலோ இருந்தால் மொழிபெயர்ப்பும் கொடுங்கள். திரும்பி வந்து இங்கே பணியாற்ற வேண்டும் என்று பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகலையும் முதலிலேயே காட்டிவிடுவது நல்லது.

"ஷாங்காய்ல கான்ஃபரன்ஸ். போலாமா, வேண்டாமா?"

போகலாம். மாநாட்டில் உரையாற்றுவது, கட்டுரை வெளியிடுவது, திறந்த முறையில் அறிவைப் பகிர்வது இவை தடைக்குள் வராது. பயணச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆய்வுத் தரவு இல்லாத வேறு மடிக்கணினி கிடைத்தால் அதை எடுத்துப் போங்கள்.

மாநாடு முடிந்து இரவு விருந்தில் 'ஒரு சின்ன ஆலோசகர் ஒப்பந்தம்' என்று ஏதாவது தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கிவந்து உங்கள் அலுவலகத்தில் காட்டுங்கள். புரியாத மொழியில் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

"ஹார்வர்டு புரொஃபசர் ஒருத்தர் சீனாவுக்கு ரகசியத்தை வித்ததா ஜெயிலுக்குப் போனாரே?"

சார்ல்ஸ் லீபரைச் சொல்கிறீர்கள். ஹார்வர்டின் வேதியியல் துறைத் தலைவராக இருந்தவர். ரகசியம் விற்றதாகவோ உளவு பார்த்ததாகவோ அவர் மீது குற்றச்சாட்டே இல்லை. வூகான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடும் சீனாவின் 'ஆயிரம் திறமையாளர்' திட்டத்தோடும் இருந்த தொடர்பைப் பற்றி விசாரித்தபோது பொய் சொன்னது, அந்த வருமானத்தை வரிக் கணக்கில் காட்டாதது, சீன வங்கிக் கணக்கை மறைத்தது இவைதான் குற்றம். 2021 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2023 ஏப்ரலில் கிடைத்த தண்டனை ஆறு மாத வீட்டுக்காவலும் 50,000 டாலர் அபராதமும். வரிப் பாக்கி தனி. கைதானபோது உள்ளே இருந்த இரண்டு நாளைத் தவிர வேறு சிறைவாசம் இல்லை.

இந்த வழக்கைப் பற்றிக் கேட்பவர்களிடம் எல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். உண்மையை எழுதியிருந்தால் அதிகபட்சம் ஒரு நிதி போயிருக்கும். மறைத்ததால் பதவி, பெயர், ஆய்வுக்கூடம் எல்லாம் போனது.

"டிரெய்னிங் முடிச்சாச்சு. ஆனா பக்கத்து லேபுக்குள்ள மட்டும் விடமாட்டேங்கறாங்க. ஏன்?"

அது வேறு சட்டம், ஏற்றுமதிக் கட்டுப்பாடு. சில தொழில்நுட்பத் தகவல்களை அமெரிக்க மண்ணிலேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலும், அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகவே கணக்கு. வரைபடத்தைத் திரையில் காட்டுவதும், வாய்வழியாக விளக்குவதும் அதில் சேரும். அதற்கு உரிமம் தேவைப்படலாம். கிரீன் கார்டு வந்தபின் இந்தக் கட்டுப்பாடு பொதுவாகப் பொருந்தாது.

வெளியிடும் நோக்கத்தோடு, தடை எதுவும் இல்லாமல் நடக்கும் அடிப்படை ஆய்வுக்கு விலக்கு உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழக ஆய்வுகள் இதில் அடங்கிவிடும். பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்கள் சிலவற்றைப் போல, வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை உள்ள திட்டத்துக்கு அந்த விலக்கு கிடைக்காது. பக்கத்து லேபில் அப்படி ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், நண்பரோடு உள்ளே நழுவவும் வேண்டாம்.

"சரி, நம்ம நாட்டுல இப்படி ஒண்ணும் இல்லையே. இங்க நிம்மதிதானே?"

நிதி விண்ணப்பத்துக்கு முன் இந்தப் பயிற்சி போல ஒன்றை முடிக்கச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. ஆனால் விதிகள் நிறையவே இருக்கின்றன, தனித்தனியாகச் சிதறி. பொதுப் பயனுக்கும் ராணுவத்துக்கும் உதவக்கூடிய இரட்டைப் பயன்பாட்டுப் பொருட்களுக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. அதைக் கவனிப்பது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். சில நுண்ணுயிரிகள், நச்சுகள், விண்வெளிப் பொருட்கள், உயர்தரக் கலவைகள் அதில் உண்டு. பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தை மெயிலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான்.

மருத்துவத்தில் வெளிநாட்டுக் கூட்டாய்வு என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் திரையிடல் குழுவுக்குப் போக வேண்டும். உயிரியலில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம். மன்னார் வளைகுடாவில் எடுத்த கடற்பஞ்சின் சாற்றை நான்கு சின்னக் குப்பிகளில் ஊற்றி, உலர்பனி வைத்துத் தெர்மோகோல் பெட்டியில் கட்டி, அமெரிக்க நண்பரின் லேபுக்குக் கூரியர் செய்யத் தயாராக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுமதி என்ற நினைப்பே அவர்களுக்கு இருந்ததில்லை. வெளிநாட்டவர் நம் உயிரியல் வளத்தை ஆய்வுக்குப் பெற தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒப்புதல் பெற்ற கூட்டுத் திட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில், தரமணியில்தான் இருக்கிறது. நேரில் போயே கேட்கலாம்.

"பிரிட்டன், கனடான்னா இதெல்லாம் கிடையாதுல்ல?"

அங்கே வடிவம் வேறு. பிரிட்டனில் குறிப்பிட்ட சில துறைகளில் படிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ போகும் இந்தியர்கள் விசாவுக்கு முன் ஏடிஏஎஸ் என்ற முன் அனுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். கனடாவில் 2024 மே முதல், பாதுகாப்பு நோக்கில் கவனமாகக் கையாள வேண்டிய தொழில்நுட்ப ஆய்வுக்கு மத்திய நிதி கேட்பவர்கள், அரசு பட்டியலிட்ட அமைப்புகளோடு தமக்குத் தொடர்பில்லை என்று உறுதி தர வேண்டும்.

"ரிவ்யூ பண்ணச் சொல்லி எனக்கு வந்த புரொபோசலை என் ஸ்காலர் படிச்சுக் குறிப்பு எடுத்துக் கொடுக்கறான். சாட்ஜிபிடிலயும் போட்டுப் பாத்தேன். இது தப்பா?"

இரண்டும் தப்பு. இன்னொருவர் நம்பிக்கையோடு அனுப்பிய, இன்னும் வெளிவராத யோசனை அது. மதிப்பீட்டாளர் ஒருவரிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்டது. என்ஐஎச், மதிப்பீட்டில் ஏஐ கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2023 ஜூனிலேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் என்எஸ்எஃப்-உம் அங்கீகரிக்கப்படாத கருவிகளில் விண்ணப்பத்தைப் பதிவேற்றத் தடை விதித்தது. இந்திய அமைப்புகளின் விண்ணப்பங்களையும் இதே மாதிரி நடத்துங்கள். நேரம் இல்லை என்றால் மதிப்பீடு செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிடலாம். மாணவரின் பெயரில் அந்தப் பழி விழக் கூடாது.

"போன புரொபோசல்ல கௌரவப் பதவியை எழுத விட்டுட்டேன். நிதியும் வந்துடுச்சு. இப்போ என்ன பண்றது?"

உங்கள் பல்கலைக்கழகத்தின் நிதித் திட்ட அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள். நிதி அமைப்புக்கு நீங்கள் நேரடியாக எழுத வேண்டாம், அலுவலகம் வழியாகவே போகட்டும். விண்ணப்பத்தின்போது இருந்த ஆதரவையோ பொருளுதவியையோ ஆய்வாளர் தெரிவிக்கவில்லை என்று நிறுவனத்துக்குத் தெரியவந்தால், 30 நாட்களுக்குள் என்எஸ்எஃப்-க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்றே ஒரு வழிமுறை வைத்திருக்கிறார்கள்.

மெயிலில் பதவியின் பெயர், கல்லூரி, தொடங்கிய தேதி, பணம் வந்ததா இல்லையா, அங்கே செலவிட்ட நேரம் ஆகியவற்றை நாலு வரியில் எழுதுங்கள். ஏன் விட்டுப்போனது என்று ஒரு வரி போதும். நியமனக் கடிதத்தை இணைத்து அனுப்புங்கள். கடிதம் இல்லாவிட்டால் கல்லூரியிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். பழைய தேதி போட்டுத் தருகிறோம் என்று அன்போடு சொல்வார்கள், அதை மட்டும் ஏற்காதீர்கள். கடிதத்தில் அன்றைய தேதியே இருக்கட்டும், எப்போதிருந்து பதவியில் இருக்கிறீர்கள் என்று உள்ளே எழுதினால் போதும்.